கல் இல்லாத கல்லறை: ஆர்தர் வார்ட்டன் என்ற உதைபந்தாட்டத் தொழிலாளி

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்தில், டொன்காஸ்டர் நகருக்கு அண்மையில் எட்லிங்டன் என்றொரு கிராமம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். 1930 டிசம்பரில் அவ்வூர் மயானத்தில் 65 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரது குழியின் மேல் பெயர் பொறித்த கல் எதுவும் நாட்டப்படவில்லை. 1997 மே மாதத்தில் ஒரு கல் நாட்டப்படும் வரை, 66 ஆண்டுகளாக, அந்த இடத்தைக் கடந்து சென்றவர்களுக்கு அங்கே உறங்குபவர் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர் பெயர் ஆர்தர் வார்ட்டன். ஆபிரிக்க மண்ணில் பிறந்த கறுப்பினத்தவர். 100 யார் தூரத்தைப் பத்து செக்கன்களில் ஓடி இங்கிலாந்தின் சம்பியனானவர். உலகின் முதலாவது கறுப்பினத் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் என்று ஆய்வாளர் பலரால் குறிப்பிடப்படுபவர்.

நமது மையவாடிகளிலும் மீஸான் கட்டையைத் தவிர வேறு அடையாளமில்லாத கப்றுகள் ஏராளம். அதை நாம் ஒரு குறையாகக் கொள்வதில்லை. கல் இல்லாவிட்டாலும் ஊர் நினைவில் வைத்திருக்கும். பெருநாள் தினத்தில் பேரப்பிள்ளை வந்து நின்று ஸலாம் சொல்வான். வார்ட்டனின் கதை வேறு. அங்கே கல்லும் இருக்கவில்லை, ஊரின் நினைவும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைதட்டிப் பார்த்த ஒரு மனிதரை ஒரு நாடு எவ்வாறு இத்தனை முழுமையாக மறக்க முடிந்தது? இக்கேள்விக்கான விடையை அவரது வெற்றிகளில் தேடுவதைவிட, அவர் செய்த தொழிலில் தேடுவதே பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது.

போதகராக அனுப்பப்பட்ட பிள்ளை

வார்ட்டன் 1865 ஒக்டோபர் 28ஆம் திகதி, அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா நாட்டின் அக்ரா நகரில், ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி வார்ட்டன் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவைச் சேர்ந்தவர், மெதடிஸ்த மிஷனரி. தாய் ஃபான்டி இனத்து அரச குடும்பமொன்றின் வழி வந்தவர். ஆகவே பிள்ளை ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. குடியேற்ற ஆட்சியின் கீழ் ஆங்கிலக் கல்வி பெற்று மேலெழுந்துகொண்டிருந்த ஓர் ஆபிரிக்க நடுத்தர வர்க்கத்தின் பிள்ளை.

ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கிய ஆண்டு நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது 1883. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இளைஞர் வார்ட்டன் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு மெதடிஸ்தக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து 1884இல் வடக்கேயுள்ள டார்லிங்டன் நகரின் கிளீவ்லண்ட் கல்லூரிக்குச் சென்றார். படித்து முடித்து மதபோதகராகவோ ஆசிரியராகவோ ஊர் திரும்ப வேண்டும் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு.

ஆசிரியர் கலாசாலை வாழ்வை அறிந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். பகலில் பாடம், மாலையில் மைதானம். பயிலுநர் சிலருக்கு மைதானமே பாடமாகிப் போவதுண்டு. வார்ட்டனுக்கும் அதுவே நடந்தது. அவர் ஓடினார், கிரிக்கெட் ஆடினார், சைக்கிள் ஓட்டினார். டார்லிங்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளராகவும் நின்றார். போதகர் அங்கி அவருக்குத் தைக்கப்படவேயில்லை.

பத்து செக்கன்கள்

1886 ஜூலை 3ஆம் திகதி லண்டன் ஸ்டம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கத்தின் சம்பியன் போட்டி நடைபெற்றது. 100 யார் ஓட்டத்தின் முதற்சுற்றிலும் பத்து செக்கன், இறுதி ஓட்டத்திலும் பத்து செக்கன். அப்போட்டித் தொடரில் அந்த நேரத்தை எட்டிய முதலாமவர் வார்ட்டனே. அவருக்குக் கிடைத்தது இளவரசர் ஹசன் கிண்ணம். அடுத்த ஆண்டு 1887இலும் அவரே சம்பியன்.

இந்த வெற்றியின் காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி ஆபிரிக்காவைப் பங்கிடுவதற்கான விதிகளை வகுத்த மாநாடு முடிந்தது 1885இல். ஆபிரிக்கர் அறிவிலும் உடலிலும் தாழ்ந்தவர் என்று 'விஞ்ஞானம்' பேசப்பட்ட காலம். அடுத்த ஆண்டே ஏகாதிபத்தியத்தின் தலைநகரில், வெள்ளைக்காரக் கனவான்களை எல்லாம் பின்தள்ளிவிட்டு ஓர் அக்ரா இளைஞர் கோட்டைத் தொடுகிறார். அந்த வெற்றியை மறுக்கவும் முடியவில்லை, கொண்டாடவும் மனமில்லை.

இரு கம்பங்களுக்கு இடையே

அன்றைய கோல் காப்பாளரின் வேலையை இன்றைய தொலைக்காட்சி ஆட்டத்தை வைத்து மதிப்பிடக்கூடாது. தண்டனைக் கட்டம் என்ற எல்லை அப்போது இல்லை. கோல் காப்பாளர் தன் பக்கத்து அரை மைதானத்தில் எங்கும் பந்தைக் கையாளலாம். 1912 வரை அதுவே விதி. தண்ட உதையும் கோல் வலையும் 1891இல்தான் வந்தன. மறுபுறத்தில், 1890களின் தொடக்கம் வரை எதிரணி வீரர்கள் கோல் காப்பாளரின் கையில் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைத் தோளால் மோதித் தள்ளலாம். ஒருவர் பந்தை உதைக்க, இன்னும் இருவர் காப்பாளரைக் கீழே வீழ்த்துவது சாதாரண தந்திரம். ஆகவே பந்தைப் பிடிப்பதைவிட முஷ்டியால் குத்தி அனுப்புவதே பாதுகாப்பு. வார்ட்டனின் முஷ்டிக் குத்து பேர்பெற்றது.

அவரிடம் கொஞ்சம் கூத்தும் இருந்தது. கம்பத்தருகே குந்தியிருந்து, கடைசிக் கணத்தில் பாய்ந்து பந்தை மறிப்பார். 1942இல் ஷெஃபீல்ட் நகரப் பத்திரிகை ஒன்றுக்குப் பழைய ரசிகர் ஒருவர் எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி வருகிறது. வார்ட்டன் துள்ளியெழுந்து குறுக்குக் கம்பத்தைப் பற்றித் தொங்கி, வந்த பந்தைக் கால்களுக்கிடையே பிடித்தாராம். மோத ஓடிவந்த மூன்று முன்வரிசை வீரர்களும் கோலுக்குள் போய் விழுந்தார்களாம். அரை நூற்றாண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டது. கொஞ்சம் கூடவும் இருக்கலாம். ஆனால் அத்தனை காலம் ஒருவரின் மனதில் அந்த ஆட்டம் நின்றிருக்கிறதே, அதுவும் ஒரு சான்றுதான்.

1886இல் பிரஸ்டன் நோர்த் என்ட் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அக்காலத்தின் மிகப் பலம்வாய்ந்த அணி அது. வீரர்களுக்குக் கூலி கொடுப்பதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, 1885இல் உதைபந்தாட்டச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்குவதற்குப் பெருங்காரணமாயிருந்ததும் இக்கழகமே. வார்ட்டன் காத்து நின்ற பிரஸ்டன் அணி 1887 மார்ச்சில் சங்கக் கிண்ணத்தின் அரையிறுதி வரை முன்னேறி வெஸ்ட் புரொம்விச் அல்பியனிடம் தோற்றது.

அவரது கூத்தை ரசித்தவர்களும் இருந்தனர், சகியாதவர்களும் இருந்தனர். 1887இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை, அவர் கோலில் நின்றால் பிரஸ்டனின் வெற்றி வாய்ப்புக் குறையும் என்று எழுதியது. அதோடு நில்லாமல் அவரது நிறத்தையும் மண்டையின் தடிப்பையும் இணைத்துக் கேலி செய்தது. ஒரு வெள்ளைக்காரர் கம்பத்தில் தொங்கியிருந்தால் துணிச்சல் என்றிருப்பார்கள். வார்ட்டன் செய்தபோது அது புத்திக்குறைவாயிற்று.

1888இல் அவர் பிரஸ்டனை விட்டு விலகினார். விலகிய அந்தப் பருவத்திலேயே உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. 12 கழகங்கள். பிரஸ்டன் 22 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோற்காமல் லீக்கை வென்றது. ஒரு கோலையும் விடாமல் சங்கக் கிண்ணத்தையும் வென்றது. தோல்வியறியாதோர் என்று வரலாறு அவர்களைப் போற்றுகிறது. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் வார்ட்டனின் பெயரும் அந்தப் படத்தில் இருந்திருக்கலாம். அவர் அப்போது ஷெஃபீல்டில், பந்தயக்காரர்கள் பணம் கட்டும் தொழில்முறை ஓட்டங்களில் ஓடிக்கொண்டிருந்தார். கிண்ணம் பசியாற்றாது என்பதை அவர் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வேலை இருக்கும் ஊருக்கு

நம் ஊர்களில் ஓடாவியார் வாச்சியையும் உளியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வேலை இருக்கும் ஊருக்குப் போவார். அந்த வீடு முடிந்தால் அடுத்த ஊர். வீட்டுச் சுவரில் அவர் பெயர் இருப்பதில்லை. 1889இல் ரொதர்ஹம் டவுன் கழகத்தில் ஒப்பந்தமானது முதல் 1902 வரை வார்ட்டன் வாழ்ந்தது இந்த ஓடாவி வாழ்க்கையைத்தான்.

ரொதர்ஹம் அவருக்குக் கொஞ்சம் நிலையான இடமாக அமைந்தது. 1890இல் அங்கேயே எம்மா லிஸ்டர் என்ற பெண்ணை மணந்தார். கழகம் 1892, 1893 ஆகிய இரு ஆண்டுகளிலும் மிட்லண்ட் லீக்கை வென்று, லீக்கின் இரண்டாம் பிரிவுக்குள் நுழைந்தது. 1894இல் அதைவிடப் பெரிய கழகமான ஷெஃபீல்ட் யுனைட்டட் அவரை எடுத்தது. ஆனால் அதே ஆண்டில் அக்கழகம் வில்லியம் ஃபோக் என்ற இன்னொரு கோல் காப்பாளரையும் எடுத்திருந்தது. டார்பிஷயரின் பிளக்வெல் என்ற சுரங்கக் கிராமத்து அணியிலிருந்து வந்த இருபது வயது இளைஞர். பின்னாளில் தனது பிரமாண்டமான உடம்புக்குப் பேர்போனவர். வார்ட்டனுக்கு அப்போது 29. பருவத்தின் பெரும்பகுதி அவர் ஓரத்தில் காத்திருந்தார். 1895 பெப்ரவரியில் சண்டர்லண்ட் அணிக்கெதிராக முதலாம் பிரிவு ஆட்டமொன்றில் கோலில் நின்றார். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடிய முதல் ஆட்டம் அதுவே.

சுரங்கக் கிராமத்திலிருந்து வந்த ஃபோக் கிண்ணங்களுக்கும் இங்கிலாந்து தேசிய அணிக்கும் போனார். தேசிய அணியில் இடம்பெறாமலே போன வார்ட்டன் கடைசியில் சுரங்கத்துக்குப் போனார். இது திறமையின் கணக்கு மட்டுமல்ல என்பதை வாசகர் அறிவர்.

அதன் பிறகு வந்த ஊர்கள் சிறியவை. 1895இல் மீண்டும் ரொதர்ஹம். 1896இல் மன்செஸ்டருக்குக் கிழக்கேயுள்ள பருத்தி ஆலை நகரான ஸ்டாலிபிரிட்ஜில் ரோவர்ஸ் கழகம். 1897இல் பக்கத்து ஊரான ஆஷ்டனின் நோர்த் என்ட் கழகம். 1899இல் அக்கழகம் கடனில் மூழ்கியதும் திரும்பவும் ஸ்டாலிபிரிட்ஜ். 1901இல் தொப்பி உற்பத்திக்குப் பேர்பெற்ற ஸ்டொக்போர்ட்டின் கவுன்டி கழகம், இரண்டாம் பிரிவில். 1902 பெப்ரவரியில், பின்னர் மன்செஸ்டர் யுனைட்டட் எனப் பெயர் மாறிய நியூட்டன் ஹீத் அணிக்கெதிராக ஆடியதோடு அவரது ஆட்டம் ஓய்ந்தது. வயது 36.

இவ்வாறான வீரரின் பிழைப்பு எப்படியிருந்தது? ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு. கோடையில் ஆட்டமில்லை, பல கழகங்களில் கூலியும் குறையும் அல்லது நின்றுவிடும். காயப்பட்டால் கழகத்தின் தயவு. 1893 முதல், கழகம் விடுவிக்காமல் வீரர் லீக்கின் வேறு கழகத்துக்குப் போக முடியாத விதியும் வந்தது. 1901இலிருந்து கூலிக்கு உச்சவரம்பு: வாரத்துக்கு 4 பவுண். வீரர்கள் தமக்கென 1898இல் அமைத்த முதல் சங்கம் சில ஆண்டுகளிலேயே குலைந்துபோனது. நிலைத்த சங்கம் 1907இல்தான் உருவானது. அதற்குள் வார்ட்டன் மைதானத்தை விட்டுப் போய்விட்டார்.

ஆகவே அவர் கோடையில் கூலிக்கு ஓடினார், உள்ளூர்க் கழகங்களில் கிரிக்கெட் ஆடினார். ரொதர்ஹம் பகுதியில் மதுச்சாலைகளை நடத்தினார். பேர்பெற்ற விளையாட்டு வீரரின் முகத்தைக் காட்டி வாடிக்கையாளரை இழுப்பது அந்நாட்டு வழக்கம். அந்தத் தொழில் அவரை வாழவைக்கவில்லை. குடி அவரைப் பற்றிக்கொண்டது. அவரது கடைசி ஆட்ட ஆண்டுகளை அது தின்றது. மிஷனரி தந்தையின் மகனுக்கு இது நேர்ந்ததை எண்ணி வருந்தலாம். தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்தக் கதவைத் தவிர வேறெந்தக் கதவு அவருக்குத் திறந்திருந்தது என்றும் கேட்க வேண்டும்.

அதே காலத்தில் ஸ்டாலிபிரிட்ஜ் ரோவர்ஸிலும் ஆஷ்டன் நோர்த் என்டிலும் ஹேர்பேர்ட் சப்மன் என்ற சுரங்கத் தொழிலாளியின் மகனும் ஆடினார். அவரும் ஊர் ஊராக அலைந்த சாதாரண வீரரே. ஆனால் ஆடும் காலம் முடிந்ததும் அவருக்கு முகாமையாளர் பதவி கிடைத்தது. ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சம்பியன்களாக்கி, உதைபந்தாட்டத்தின் பெரும் சிந்தனையாளர் என்று பேரெடுத்தார். வார்ட்டனிடம் ஓட்டக் கலையும் ஆட்ட அனுபவமும் கல்லூரிக் கல்வியும் இருந்தன. அவரை அழைத்து அணியொன்றைப் பொறுப்பேற்கச் சொன்ன பெரிய கழகம் எதுவுமில்லை.

சுரங்கமும் மறதியும்

ஆட்டம் ஓய்ந்த பின் வார்ட்டன் சுரங்கங்களில் வேலை தேடினார். கடைசியில் எட்லிங்டனின் யோர்க்ஷயர் மெயின் சுரங்கத்தில் நிலக்கரிப் பெட்டிகளை இழுத்து நகர்த்தும் தொழிலாளியானார். ஒரு காலத்தில் பத்து செக்கன்களில் ஓடிய கால்கள் நிலத்தடி இருளில் தண்டவாளத்தின் வழியே நடந்தன. நீண்டநாள் நோயின் பின் 1930 டிசம்பரில் கையில் பணமின்றி இறந்தார். அக்ராவுக்கு அவர் திரும்பிப் போய் வாழவேயில்லை.

மறதி அன்று தொடங்கியதல்ல. பத்திரிகைகள் கழகங்களின் கதையை எழுதின. கழகங்கள் கிண்ணங்களின் கதையை எழுதின. ரொதர்ஹம் டவுன், ஆஷ்டன் நோர்த் என்ட் போன்ற கழகங்களே கலைந்துபோன பின் அவற்றின் கோல் காப்பாளரை யார் எழுதுவார்? இதற்கு மேல் நிறம். வெள்ளையரின் ஆட்டம் என்று சொல்லப்பட்ட கதைக்குள் அக்ராவில் பிறந்தவருக்கு இடம் வைத்தால் கதையையே திருப்பி எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் விடுவது இலகு. ஒருவரை வரலாற்றிலிருந்து அகற்றுவதற்கு எப்போதும் பகைமை தேவைப்படுவதில்லை, கவனமின்மை போதும். நமது சமூகத்தின் பங்களிப்புகள் பாடநூல்களில் விடுபட்டுப் போவதைப் பற்றிப் பேசும் நமக்கு இது புதிய செய்தியல்ல.

அவரை மீட்டெடுத்தவர்கள் முதலில் அரசோ சங்கமோ அல்ல. ஃபில் வசிலி என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் துருவினார். 'உதைபந்தாட்டம் ஒன்றிணைக்கிறது, இனவாதம் பிரிக்கிறது' என்ற பெயரில் ஷெஃபீல்டில் இயங்கிய அமைப்பு 1997இல் எட்லிங்டனில் கல்லை நாட்டியது. அடுத்த ஆண்டு வசிலியின் வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்தது. 2003இல் இங்கிலாந்து உதைபந்தாட்ட அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபத்தில் வார்ட்டனின் பெயர் சேர்க்கப்பட்டது. 2014இல் தேசிய உதைபந்தாட்ட நிலையமான சென்ட் ஜோர்ஜ் பார்க்கில், பந்தைத் தட்டிவிடப் பாயும் நிலையில் அவரது சிலை திறக்கப்பட்டது. கழகங்கள் கைவிட்டவர் இப்போது தேசத்தின் பயிற்சி மைதானத்தில் நிற்கிறார்.

முதலாமவரா, தொழிலாளியா?

இன்று வார்ட்டனைப் பற்றிப் பேசுவோர் 'முதலாமவர்' என்ற சொல்லையே முன்வைக்கிறார்கள். இச்சொல்லில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவருக்கு முன்னரே அன்ட்ரூ வொட்சன் என்ற கறுப்பினத்தவர் ஸ்கொட்லாந்து அணியின் தலைவராக 1881இல் லண்டனில் இங்கிலாந்தை 6-1 எனத் தோற்கடித்திருக்கிறார். அவர் அமெச்சூர் வீரர் என்பதால் வார்ட்டனுக்கு 'முதல் தொழில்முறை வீரர்' என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் வொட்சனும் 1887இல் பூட்டில் கழகத்தில் பணம் பெற்றிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நாளை ஒரு பழைய கணக்குப் புத்தகம் அகப்பட்டால் பட்டம் கைமாறிவிடும். அப்போது வார்ட்டனை மறுபடியும் மறந்துவிடலாமா?

அவர் முதலாமவர் என்பதைவிட, பதின்மூன்று ஆண்டுகள் கூலிக்கு ஆடியவர் என்பதே எனக்குப் பெரிது. மழையிலும் பனியிலும், இன்று பெயரும் மறைந்துபோன மைதானங்களில், ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறத்தைச் சொல்லிக் கூவியவர்களின் முன்னால் போய்நின்று தன் வேலையைச் செய்தார். அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் உண்டா என்று தெரியாமலே செய்தார். இந்த உழைப்பை எந்தப் புதிய ஆவணமும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

நம்முடைய ஊர்களிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊர் அணிக்கும் நகரக் கழகங்களுக்கும் ஆடியவர்கள். இப்போது சந்தையில் மீன் விற்கிறார்கள், முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்கள், முழங்கால் வலியோடு பள்ளிவாசல் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் சம்பியனாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் பெயர்கள் பாடசாலையின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களிலும், கறையான் அரித்த குழுப் புகைப்படங்களின் பின்புறத்திலும் இருக்கின்றன. அப்புகைப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர் இன்று இருக்கிறார். அவரிடம் ஒரு மாணவனைக் கொப்பியும் பேனையும் கொடுத்து அனுப்புவதற்கு ஆய்வு நிறுவனம் எதுவும் தேவையில்லை.

எட்லிங்டன் ஊரார் கல் நாட்ட 66 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு இன்னும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.